பாரிஸில் கடல் இல்லை

ஐரோப்பியக் கப்பல் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்சிலோனா, ரோம், ஃப்ளாரன்ஸ், பாரிஸ், பெர்லின் என்று பெயர்கள் மின்னும். இந்த ஐந்தில் பெரிய கப்பல் நேராகப் போய் நிற்கக்கூடிய ஊர் பார்சிலோனா ஒன்றுதான். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சிவிதவெக்கியாவில் நிற்கும். ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ. அங்கிருந்து 90 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர், 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கரையில் இருக்கும் வார்னமுண்டே; போக மட்டும் மூன்று மணி நேரம். சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, 'திருவண்ணாமலை வந்தாச்சு, இறங்குங்க' என்று சொல்வது போலத்தான். துறைமுகத்தின் பெயர் விளம்பரத்தில் இல்லாமல் இல்லை. பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

இது முதல் ஏமாற்றம். அடுத்தது, கப்பல் ஏறிய பிறகு பயணத்திட்டமே மாறிவிடுவது. பணி ஓய்வுப் பணத்தில் ஆசையாசையாகக் கிளம்பிய தம்பதியும், லண்டனிலோ மியூனிக்கிலோ இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிய பெற்றோரும் இதற்குத் தயாராகப் போவதில்லை. தயாராகப் போனால், இரண்டுமே சமாளிக்கக்கூடியவைதான்.

கேப்டன் 'முடியாது' என்றால்

காலையில் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுகிறார். காற்று பலமாக இருக்கிறது, இன்று சாந்தோரினியில் நிற்க முடியாது, வருந்துகிறோம். பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. இந்த வெயிலில் என்ன காற்று என்று எரிச்சல் வரத்தான் செய்யும். ஏஜியன் கடலின் சுபாவம் அது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்றுக்கு மேகமும் வேண்டாம், மழையும் வேண்டாம். நீல வானத்தை வைத்துக்கொண்டே நாள்கணக்கில் அடிக்கும்.

கிரீஸின் சாந்தோரினித் தீவில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் மேடை கிடையாது. எரிமலை வெடித்து உருவான பெரும் பள்ளத்தில் கடல் புகுந்திருக்கிறது. அதற்குள் கப்பல் நிற்க, பயணிகள் டெண்டர் எனப்படும் சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். கப்பல் அசையாமல் நிற்கலாம். பக்கத்தில் வந்து நிற்கும் படகு ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே, எழுபது வயதுக்காரர் கால் எடுத்து வைக்கும் நொடியில் எலும்பு முறியும். காலையில் மூவாயிரம் பேரை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்ற முடியாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். பிரான்ஸின் வில்ஃப்ரான்ஷ், ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவு ஆகிய இடங்களிலும் பெரிய கப்பல்களுக்கு டெண்டர்தான். பயணத்திட்டத்தில் எந்த ஊருக்குப் பக்கத்தில் 'டெண்டர்' என்று இருக்கிறதோ, அந்த ஊரை 'கிடைத்தால் லாபம்' கணக்கில் எழுதிக்கொள்வது உத்தமம்.

மேடை இருக்கும் துறைமுகத்திலும் காற்று விடாது. இன்றைய குரூஸ் கப்பல் தண்ணீருக்கு மேல் பதினைந்து, இருபது மாடி உயரச் சுவர். மார்செய் பக்கம் மிஸ்ட்ரல் காற்றோ, திரியெஸ்தில் போரா காற்றோ அந்தச் சுவரில் மோதினால், குறுகலான துறைமுக வாயிலில் அதைக் கட்டுப்படுத்துவது லேசான காரியமில்லை. துறைமுகத்துக்குள் வழிகாட்ட வரும் பைலட் மறுத்தால் கேப்டன் திரும்பித்தான் ஆக வேண்டும்.

எந்தத் திட்ட மாற்றத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்லலாம். 2012 ஜனவரி 13 இரவு. அதே சிவிதவெக்கியாவிலிருந்து சவோனாவுக்குக் கிளம்பிய கோஸ்டா கான்கார்டியாவில் 4,200 பேருக்கு மேல் இருந்தார்கள். கேப்டன் ஃப்ரான்செஸ்கோ ஸ்கெத்தீனோ வழக்கமான பாதையை விட்டு விலகி, ஜில்யோ தீவுக்கு 'வணக்கம்' வைக்கக் கரையை ஒட்டிக் கப்பலைக் கொண்டுபோனார். பாறை கப்பலின் வயிற்றைக் கிழித்தது. 32 பேர் இறந்தார்கள். கேப்டனுக்குப் 16 ஆண்டு சிறை. இன்று கப்பல் கிளம்பும் முன்பே எல்லோரையும் கூட்டி ஆபத்துக் காலப் பயிற்சி நடத்துகிறார்களே, அந்தக் கட்டாயம் இந்த விபத்துக்குப் பிறகு வந்தது.

2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டட்விகா கடற்பகுதியில் புயலுக்கு நடுவே வைகிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றுபோயின. 1,373 பேர் இருந்த கப்பலிலிருந்து 479 பேரை ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்கினார்கள். பாறையில் மோதாமல் தப்பியது மயிரிழையில். அந்தக் கப்பலில் இருந்தவர்களிடம் போய், காற்று காரணமாக ஒரு ஊர் ரத்தானதைப் பற்றிக் குறைசொல்லிப் பாருங்கள். பயணிகளைக் குஷிப்படுத்தப் பாதையை மாற்றும் கேப்டனுக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஊரே கதவைச் சாத்தினால்

காற்றாவது மறுநாள் அடங்கிவிடும். ஊர்கள் எடுக்கும் முடிவு அடங்காது.

வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் எம்.எஸ்.சி. ஓபரா என்ற கப்பல் கட்டுப்பாடு இழந்து, ஜியூதெக்கா கால்வாயில் நின்ற சுற்றுலாப் படகு மீது மோதியது. ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த தடை, 2021 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்தக் கால்வாய் இப்போது மூடிய வழி. 'வெனிஸ்' என்று விற்கப்படும் பயணங்களில் பல இப்போது ரவென்னாவிலோ திரியெஸ்திலோ நிற்கின்றன.

பால்டிக் பயணங்களின் கிரீடமாக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பட்டியலிலிருந்து விழுந்தது. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்காகவே டிக்கெட் எடுத்தவர்களுக்கு வேறு துறைமுகங்களைக் காட்டினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலின் ஹைஃபாவும் அஷ்டோதும் விடுபட்டன. செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் சூயஸ் வழியே ஐரோப்பாவுக்கு வர வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின.

கூட்டத்தைத் தாங்க முடியாமல் ஊர்கள் போடும் வரம்புகளும் கூடிக்கொண்டே வருகின்றன. ஸ்பெயினின் பால்மாவில் 2022 முதல் ஒரு நாளைக்கு மூன்று குரூஸ் கப்பல்தான். சாந்தோரினியில் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற வரம்பு வந்திருக்கிறது. 2025 ஜூலை முதல் அங்கும் மிக்கோனோஸ் தீவிலும் கோடைக்காலத்தில் இறங்கத் தலைக்கு 20 யூரோ கட்டணம். ஆம்ஸ்டர்டாம் 2026 முதல் ஆண்டுக்கு 100 கடல் குரூஸ் கப்பல்களுக்கு மேல் அனுமதிக்காது. எனக்கு ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரே காலையில் நான்கு கப்பல் வந்து பத்தாயிரம் பேரைக் கொட்டினால் எந்தத் தீவுதான் தாங்கும்? ஆனால் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்த பயணி, இடையில் ஒரு மின்னஞ்சலில் ஊர் மாறிவிட்டதைத் தெரிந்துகொள்கிறார் என்பதும் உண்மை.

இவை போதாதென்று வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும். ரோமில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சௌகரியம். மாலை ஆறுக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டியவருக்கு அதுவே பொறி: காலையில் போய்விடலாம், மதியம் திரும்ப ரயில் இருக்காது.

பணம் திரும்புமா?

பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் திரும்பாது. குரூஸ் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஊரை மாற்றவும், வரிசையை மாற்றவும், அடியோடு விட்டுவிடவும் கேப்டனுக்கும் நிறுவனத்துக்கும் உரிமை உண்டு என்ற வாசகம் அநேகமாக இருக்கும். ரத்தான துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் உங்கள் கப்பல் கணக்கில் வரவாகச் சேரும். அது சின்னத் தொகை. கப்பல் வழியாகப் பதிவு செய்த கரைச் சுற்றுலாவுக்கு முழுப் பணமும் தானாகவே திரும்பிவிடும். அதற்காக வரவேற்பு மேசையில் நிற்கும் நீண்ட வரிசையில் நீங்களும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாங்கிய குரூஸ் பேக்கேஜ் என்றால், கிளம்பும் முன்பே முக்கியமான மாற்றம் செய்தால் அபராதமின்றி ரத்து செய்யும் உரிமையை அவர்களின் 2015-ம் ஆண்டுப் பேக்கேஜ் பயணச் சட்டம் தருகிறது. ஜெர்மனியில் இருக்கும் மகள் அங்கே வாங்கிய டிக்கெட்டுக்கும், சென்னை முகவரிடம் வாங்கிய டிக்கெட்டுக்கும் உரிமைகள் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கே வாங்கினீர்களோ அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள். பயணக் காப்பீட்டில் துறைமுகம் தவறினால் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். பலவற்றில் மருத்துவச் செலவுக்கு மேல் அதிகம் இருக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குசாடசியில் இறங்கிப் பார்த்துவிட்டு மீண்டும் கிரீஸுக்கு வந்தால், ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போய்த் திரும்பியதாக ஆகிவிடும். ஒருமுறை நுழையும் விசா இதற்குப் போதாது. உங்கள் திட்டத்தில் எல்லா ஊரும் ஷெங்கனுக்குள்தான் என்றாலும், மாற்று ஊராக மாண்டினீக்ரோவின் கோட்டோரை நுழைத்தால் என்ன செய்வீர்கள்? ஆகவே பலமுறை நுழையும் விசாவே கேளுங்கள். பயணம் முடியும் நாளோடு விசாவும் முடியாமல் சில நாள் கூடுதலாகக் கேட்பதும் நல்லது.

ஊர் ரத்தான அன்று என்ன செய்வது? அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் நீச்சல் குளத்து நாற்காலிகள் நிரம்பிவிடும். நாலாயிரம் பேரும் கப்பலிலேயே இருக்கிறார்கள் அல்லவா. இரவு உணவுக்கும் நிகழ்ச்சிக்கும் இடம் பிடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைத் தாமதமாக வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மாற்று ஊர் ஒன்றை அறிவித்தால், பெயர் தெரியாத ஊர் என்று முகம் சுளிக்காதீர்கள். கிரீட் தீவின் ஹெராக்லியோனில் இறக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் நோசோஸ். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மினோவர்களின் அரண்மனை. டவுன் பஸ் போகிறது. அங்கே எடுத்த பொருள்கள் ஊருக்குள்ளேயே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாந்தோரினியின் கேபிள் கார் வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

இனி நீண்ட கரைச் சுற்றுலா. கப்பல்காரர்கள் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பட்டியல் போட்டு விற்பது. 'பாரிஸ் ஒரு நாளில்', 'பெர்லினின் சிறப்புகள்' என்றெல்லாம் இருக்கும். விலையைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள்.

காலை 7 மணிக்கு வார்னமுண்டேயில் கப்பல் நிற்கிறது. இரவு 9 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகத் தெரிகிறது. இறங்கிப் பேருந்தில் உட்காரவே எட்டு மணி. மூன்று மணி நேரம் பயணம். வழியில் கழிப்பறைக்கு ஒரு நிறுத்தம். நெரிசலில் பயணம் நீண்டால், ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டிய டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வழிகாட்டி கெஞ்சினாலும் நகர மாட்டார். பெர்லினில் கால் வைக்கும்போது பதினொன்றரை. அங்கே மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம். திரும்ப நான்கரைக்குக் கிளம்பினால்தான் நிம்மதி. ஆக ஊரில் கிடைப்பது நாலு மணி நேரம், அதிலும் பாதி பேருந்து ஜன்னல் வழியே. பிராண்டன்பர்க் வாயிலில் ஒரு படம், சுவரின் மிச்சத்தில் ஒரு படம். பெர்கமான் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்றால், 2023 அக்டோபரிலிருந்து அது பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கிறது.

என் தீர்ப்பு: ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் எந்தச் சுற்றுலாவும் வேண்டாம். பாரிஸும் பெர்லினும் இதில் அடிபடுகின்றன. அந்த ஊர்களுக்கு விமானத்தில் போய் மூன்று நாள் தங்குங்கள். அவற்றுக்குச் செய்யும் மரியாதை அதுதான். லெ ஹாவ்ரில் இறங்கினால் அந்த ஊரையே பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான நகரைக் கட்டடக் கலைஞர் அகுஸ்த் பெரே கான்கிரீட்டிலேயே எழுப்பினார். 2005-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நார்மண்டிப் பாலத்தைத் தாண்டினால் ஓன்ஃப்ளர் என்ற பழைய மீன்பிடி ஊர், 25 கிலோமீட்டர்தான். ஓவியர் மோனே இளமையில் சுற்றிய கரை இது.

ரவென்னா கதை இன்னும் வேடிக்கை. இரண்டரை மணி நேரம் பேருந்திலும் அதற்கு மேல் படகிலும் போய், வெனிஸில் மூன்று மணி நேரம் கூட்டத்தில் இடிபட்டு வருகிறார்கள். ஒற்றை நாள் வருகைக்கு வெனிஸ் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வேறு வாங்குகிறது. இவர்கள் விட்டுவிட்டுப் போகும் ரவென்னா என்ன ஊர் தெரியுமா? மேற்கு ரோமப் பேரரசின் கடைசித் தலைநகர். 547-ல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பொன்னும் பச்சையுமாக மொசைக்கில் நிற்கிறார்கள். ரோமப் பேரரசி காலா பிளாசிதியாவின் கல்லறை மண்டபத்தில் கூரை முழுக்க நீலத்தில் நட்சத்திரங்கள். கவிஞர் தாந்தே 1321-ல் இறந்தது இங்கேதான், எலும்புகளும் இங்கேதான். அவர் பிறந்த ஊரான ஃப்ளாரன்ஸ் எத்தனையோ முறை கேட்டும் ரவென்னா தரவில்லை. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் ஃப்ளாரன்ஸ் கட்டி வைத்திருக்கும் தாந்தே சமாதி காலியாக இருக்கிறது. லிவோர்னோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போய் நம்மவர்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள்.

ரோம் விதிவிலக்கு. ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம், போகத்தான் வேண்டும். ஆனால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவிதவெக்கியாவிலிருந்து வரும் ரயில்கள் பல, ரோமா சான் பியத்ரோ நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து வத்திக்கானுக்கு நடந்தே போகலாம். கொலோசியம், வத்திக்கான், திரேவி நீரூற்று மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்பவர் உங்களுக்குக் காட்டப்போவது போக்குவரத்து நெரிசலைத்தான். ஃப்ளாரன்ஸுக்கும் இதே விதி. பெரிய பேருந்துகளை நகர மையத்துக்குள் விடுவதில்லை. இறக்கிவிட்ட இடத்திலிருந்து கல் பாவிய தெருவில் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் லிவோர்னோவிலிருந்து இருபது நிமிட ரயிலில் பீசா போய் வரலாம். சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க ஏற வேண்டியதில்லை.

கிழமையும் முக்கியம். ஊர்களின் வரிசையை ஒரு நாள் மாற்றிப்போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். ஃப்ளாரன்ஸின் உஃபிஸியும், டேவிட் சிலை இருக்கும் அகாதெமியாவும் திங்கள் விடுமுறை. லூவ்ர் செவ்வாய். வத்திக்கான் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். கொலோசியம் டிக்கெட்டில் பெயரும் நேரமும் அச்சாகியிருக்கும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸுக்கும் நேரம் குறித்த டிக்கெட்தான். வெப்ப அலை அடித்த நாட்களில் நண்பகல் முதல் மாலை ஐந்து வரை மூடியும் இருக்கிறார்கள். ஆகவே நீங்களாகப் பதிவு செய்யும்போது, கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் தரும் ஏற்பாட்டாளரையே தேர்ந்தெடுங்கள். சாதாரண வட்டார ரயில் டிக்கெட் மலிவு, முன்பதிவு தேவையில்லை, வீணானாலும் வலிக்காது.

கப்பல் சுற்றுலாவா, சொந்த ஏற்பாடா என்ற வாதத்தில் ஒரே ஒரு விஷயம் கப்பல் பக்கம் பலமாக நிற்கிறது. கப்பலின் பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். முடியாவிட்டால் அடுத்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்களாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. ஏறியாக வேண்டிய நேரம் பொதுவாகக் கிளம்புவதற்கு அரை மணி முன்பு. சில இடங்களில் ஒரு மணி. தொலைவான ஊருக்குக் கப்பல் பேருந்து, பக்கத்து ஊருக்குச் சொந்தக் கால் என்று பிரித்துக்கொண்டால் சச்சரவில்லை. சாந்தோரினியிலும் கப்பல் சுற்றுலாவே உசிதம். அவர்கள் வழக்கமாக அதினியோஸ் துறைக்குப் படகில் கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் பழைய துறையில் கேபிள் காருக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது அறுநூறு படி ஏற வேண்டும்.

கப்பலை விட்டு இறங்கும்போது கைப்பையில் அன்றைய மாத்திரையோடு மறுநாள் மாத்திரையும் இருக்கட்டும். கடவுச்சீட்டைச் சில கப்பல்களில் வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விசாப் பக்கத்தோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கேபினுக்கு வரும் செய்தித்தாளில் அந்த ஊர்த் துறைமுக ஏஜென்டின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் தவறினால் உங்களுக்கு இருக்கும் ஒரே உறவினர் அவர்தான். ஒரு யூரோ நாணயங்கள் நாலைந்து அவசியம், கழிப்பறைக்கு. பேருந்தில் கழிப்பறை இருந்தாலும் பல சமயம் பூட்டியே இருக்கும். பஃபேயில் எடுத்த பழமும் ரொட்டியும் கரைக்கு எடுத்துப்போக அனுமதி இருக்காது. ஊரிலிருந்து கொண்டுபோன பிரிக்காத முறுக்குப் பொட்டலம் அன்று கைகொடுக்கும். சுத்த சைவர்கள் பார்மசான் சீஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளில் அது செய்யப்படுகிறது.

முன்பணம் கட்டும் முன் உங்கள் முகவரிடம் நான்கு கேள்விகளை வையுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் கப்பல் உண்மையில் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது? அங்கே மேடையா, டெண்டரா? எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் நிற்கும்? ஊர் ரத்தானால் எனக்கு என்ன திரும்பி வரும்? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னால், வேறு முகவரைப் பாருங்கள்.